இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புத்தகம்: எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கோர்ஸ் ரிசர்வ்ஸ்

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஊரிலிருந்து புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, வாடகைக்கு அறை. மற்றது, "அக்கா, இந்த டெக்ஸ்ட்புக்கோட பிடிஎஃப் யார்கிட்டயாவது இருக்குமா?" அறைக்கு நான் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். புத்தகத்துக்கு அது தேவையில்லை. "லைப்ரரிக்குப் போ, கோர்ஸ் நம்பரைச் சொல்லு, ரிசர்வ்ல இருக்கான்னு கேளு" என்று அனுப்பிவிடுவேன். வகுப்புப் புத்தகங்களைத் தனியே ஒதுக்கிவைத்துச் சில மணி நேரத்துக்கு மட்டும் கடன் தரும் கோர்ஸ் ரிசர்வ்ஸ் என்று ஒன்று இருப்பதே வந்த பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை. இங்குள்ள பல்கலைக்கழக நூலகங்கள் தரும் சேவைகளில், கையில் காசு குறைவாக உள்ள மாணவருக்கு இதைப்போல நேரடியாக உதவுவது வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கிறேன். 120 பேர் உட்காரும் அறிமுக வகுப்பு ஒன்று, தெற்காசியா பற்றி 15 பேருக்கு நடத்தும் சிறிய கருத்தரங்க வகுப்பு ஒன்று. இதே ஊருக்கு மாணவியாக வந்தவள் என்பதால், ரிசர்வ் மேசையின் முன்னால் வரிசையில் நின்றதும் உண்டு, இப்போது அந்த மேசைக்குப் புத்தகம் அனுப்புவதும் உண்டு. நான் சொல்வது எங்கள் நூலகத்தைப் பற்றி. அமெரிக்கா, கனடாவில் பெரிய பல்கலைக்கழகங்களில் ஏற்பாடு ஏறத்தாழ இதேதான். நேரமும் அபராதமும் இடத்துக்கு இடம் மாறும்.

ஏற்பாடு மிக எளியது. ஒரு பாடத்துக்கு 120 மாணவர்கள், நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றோ இரண்டோ. வழக்கமான முறையில் விட்டால் முதல் நாளே ஒருவர் எடுத்துப்போய்விடுவார். எடுத்தவர் பேராசிரியராகவோ முனைவர் பட்ட மாணவராகவோ இருந்தால் செமஸ்டர் முழுக்க அது அவர் வீட்டு அலமாரியில்தான். கோர்ஸ் ரிசர்வில் அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, மேசைக்குப் பின்னால் வைத்து, மணிக்கணக்கில் மட்டும் கொடுக்கிறார்கள். கல்யாணத்தில் முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை விழும் என்பதுபோல, உட்கார்ந்தவர் நேரத்துக்கு எழுந்தாக வேண்டும். அந்தக் கண்டிப்பில்தான் இதன் நியாயம் இருக்கிறது.

மாணவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நூலகத்தின் தேடல் பக்கத்தில் கோர்ஸ் நம்பரையோ ஆசிரியரின் குடும்பப் பெயரையோ கொடுத்தால் அந்த வகுப்புக்கான பட்டியல் வரும். புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டும் கால் நம்பரைக் (call number) குறித்துக்கொண்டு மேசைக்குப் போய் மாணவர் அட்டையைக் காட்டினால், பின்னால் போய் எடுத்துக்கொண்டு வந்து தருவார்கள். புத்தகத்தின் அட்டையிலேயே திரும்பத் தரவேண்டிய நேரம் எழுதிய சீட்டு செருகியிருக்கும். பெரும்பாலும் இரண்டு மணி நேரம், புத்தகம் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. குறைந்த தேவையுள்ள புத்தகங்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்றும் உண்டு. அது ஆசிரியர் தேர்ந்தெடுப்பது. நேரம் முடிந்தபின் வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் திரும்பவும் அதே புத்தகத்தைப் பதிந்துகொள்ளலாம். மேசை மூடுவதற்கு முன் கடைசி இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் இரவு வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் திறந்தவுடன் கொண்டுவந்து தரலாம். இந்த இரவுக்கடன் பலருக்கும் தெரியாது. மேசையில் எழுதியும் வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.

அபராதம் மட்டும் நாள் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் ஏறும். சாதாரணப் புத்தகங்களுக்குத் தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்ட நூலகங்களில் பலவும் ரிசர்வுக்கு மட்டும் அதைக் கைவிடவில்லை. நான் அதை ஆதரிக்கிறேன். தேர்வுக்கு முந்தைய மாலையில் ஒருவர் தாமதித்தால் அது அடுத்து நிற்பவரின் மதிப்பெண்ணில் விழுகிறது.

இரண்டு மணி நேரம் போதுமா? சமூகவியல் அத்தியாயம் 30, 35 பக்கம். குறிப்பு எடுத்துக்கொண்டே படித்து முடிக்கலாம். புள்ளியியல், கணக்கியல் போன்ற பாடங்களில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பழக வேண்டிய புத்தகங்களுக்குப் போதவே போதாது. அந்தத் துறை நண்பர்களிடம் நான்கு மணி நேரம் என்று குறிக்கச் சொல்கிறேன். மேசைக்கு எதிரிலேயே மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் இருக்கிறது. இலவசம், எடுத்த பக்கங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். பக்கத்தில் காப்புரிமை எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அந்த எச்சரிக்கையை ஒட்டிவைத்திருந்தால், மேற்பார்வை இல்லாத இயந்திரத்தில் பயனாளர் எடுக்கும் பிரதிக்கு நூலகம் பொறுப்பாகாது என்று அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. மாணவர்கள் அதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். தனக்காக, அந்த வாரத்து அத்தியாயத்தை எடுத்துக்கொள்வது இங்கே அன்றாடம் நடப்பது.

என் அறிமுக வகுப்பில் இரவுப் பணி பார்க்கும் மாணவி ஒருத்தி இருந்தாள். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் நூலகத்துக்கு வந்து, அந்த இரண்டு மணி நேரத்தில் வாரத்தின் வாசிப்பு முழுவதையும் முடித்துவிடுவாள். வகுப்பில் அவளுடைய கேள்விகள்தான் புத்தகத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். புத்தகத்தை அவள் வாங்கவே இல்லை. செமஸ்டர் முடிந்தபின்தான் எனக்கே அது தெரியவந்தது. எத்தனை அறிவுரை சொன்னாலும் அந்த மேசை செய்ததை என்னால் செய்திருக்க முடியாது.

இனி ஆசிரியர் பக்கம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிசர்வ் நன்றாக நடப்பதும் நாசமாவதும் பெரும்பாலும் இங்கேதான். எங்கள் வகுப்புகள் எல்லாம் கேன்வாஸ் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் இருக்கின்றன. அதன் இடப்பக்கப் பட்டியலில் ஒரு கண்ணி (லிங்க்), அதை அழுத்தினால் நூலகத்தின் மென்பொருள் திறக்கும். சில நூலகங்களில் அது அட்லஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏரிஸ், சிலவற்றில் எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனத்தின் லெகாண்டோ. எங்களுடையது லெகாண்டோ. சிலபஸில் உள்ளதை வாரவாரியாகப் பிரித்துப் பட்டியலாகப் போடலாம். தலைப்பு, பதிப்பு, பக்கங்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நிரப்ப வேண்டும். ஆசிரியர்கள் பலரும் கடந்துபோகும் இரண்டு கட்டங்கள் அதில் உண்டு. கட்டாய வாசிப்பா விருப்ப வாசிப்பா என்பது ஒன்று, எத்தனை மாணவர் என்பது மற்றொன்று. எத்தனை பிரதி வாங்குவது, எந்த உரிமம் எடுப்பது என்பதையெல்லாம் நூலகம் இந்த இரண்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எல்லாவற்றையும் "கட்டாயம்" என்று போடும் ஆசிரியரின் பட்டியலும், எதையும் குறிக்காத ஆசிரியரின் பட்டியலும் ஒரே மாதிரி நிற்கும்.

பட்டியல் போனபின் அங்கே நடப்பதை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். பார்த்தபின் அந்த ஊழியர்கள் மேல் எனக்கிருந்த மரியாதை பல மடங்கானது. முதலில் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்து வெளியே போயிருந்தால், எடுத்தவருக்கு உடனே திருப்பித் தரச் சொல்லிக் கடிதம். இல்லையென்றால் மின்னூல் கிடைக்குமா, எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்க முடியும், விலை என்ன. கட்டுரை என்றால் ஏற்கெனவே சந்தா கட்டும் இதழில் இருக்கிறதா. இருந்தால் பிரதி எடுக்காமல் நிரந்தரக் கண்ணி. வளாகத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படி ப்ராக்ஸி முகவரியை அதற்கு முன்னால் சேர்க்கிறார்கள். உலாவியின் மேலே தெரியும் முகவரியை ஆசிரியர் அப்படியே ஒட்டினால் மாணவர் வீட்டிலிருந்து திறக்கும்போது "வாங்க 40 டாலர்" என்ற பக்கம்தான் வரும். அத்தியாயம் என்றால் ஸ்கேன். பிறகு அந்தப் படத்தைக் கணினி எழுத்தாக வாசிக்கும்படி ஓசிஆர். கடைசியில் காப்புரிமைப் பரிசீலனை. ஒரே ஒரு 22 பக்க அத்தியாயத்துக்கு இவ்வளவு கை மாறுகிறது.

இலையுதிர் செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். எங்கள் நூலகம் ஜூலையில் பட்டியலைக் கேட்கிறது. வந்த வரிசைப்படிதான் செய்கிறார்கள். வகுப்பு தொடங்கும் வாரத்தில் அனுப்பினால் மூன்றாம் வாரத்தில்தான் மாணவர் கைக்கு வரும். இங்கே ஓர் அநியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பகுதிநேர ஆசிரியர்கள் பலருக்கு வகுப்பு உறுதியாவதே ஆகஸ்டில்தான். ஜூலை கெடு நிரந்தர வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்துப் போட்டது. அதோடு, வகுப்பு அட்டவணையில் ஆசிரியர் பெயர் முடிவாகாத இடத்தில் "ஸ்டாஃப்" என்றே இருப்பதால், பெயரைப் போட்டுத் தேடும் மாணவருக்கு எதுவும் கிடைக்காது. ரிசர்வ் தேவைப்படும் மாணவர்கள் மிகுதியாக உட்கார்ந்திருப்பதும் அந்த அறிமுக வகுப்புகளில்தான். அட்டவணை திருத்தப்பட்டதும் ரிசர்வ் பட்டியலிலும் பெயர் தானாக மாறும்படி செய்வது ஒன்றும் பெரிய வேலையில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என் தெற்காசியக் கருத்தரங்க வகுப்பில் ரிசர்வுக்கு வேறொரு பெருமை உண்டு. தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் அச்சான பல புத்தகங்களுக்கு மின்னூலே கிடையாது. அச்சுப் பிரதிதான் ஒரே வழி. அவை அமெரிக்க நூலகங்களுக்கு வந்த கதை சுவையானது. 1950களில் அமெரிக்கா பி.எல். 480 திட்டத்தின்கீழ் இந்தியாவுக்குக் கோதுமை விற்று, விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டது. குவிந்த அந்த ரூபாயின் ஒரு பகுதியை வைத்து இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப, அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962இல் புது டெல்லியில் ஓர் அலுவலகம் திறந்தது. ரூபாய் தீர்ந்தபின் நூலகங்கள் தாங்களே பணம் கட்டி அந்த ஏற்பாட்டைத் தொடர்கின்றன. நம் ஊர்ப் பாட்டிகள் ரேஷனில் வாங்கித் தின்ற அந்தக் கோதுமையின் விலையில் வாங்கிய தமிழ்ப் புத்தகம் ஒன்றை, இங்கே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் ரிசர்வ் மேசையில் கேட்டு வாங்கிப் படிக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்தப் புத்தகங்களில் கவனிக்க வேண்டியது, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து நூலகங்களுக்கிடையிலான கடனில் வரவழைத்ததைப் பெரும்பாலும் ரிசர்வில் வைக்க விடமாட்டார்கள். நம் நூலகம் வாங்கியதாகவோ ஆசிரியரின் சொந்தப் பிரதியாகவோ இருக்க வேண்டும்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். மின்னூல். நூலகம் மின்னூல் வைத்திருக்கிறது என்றால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மின்னூல் உரிமம் ஒருவருக்கு, மூவருக்கு, வரம்பில்லாமல் என்று வகைவகையாக விற்கப்படுகிறது. கருத்தரங்க வகுப்புக்கு நான் கேட்ட ஒரு புத்தகம் ஒருவர் உரிமத்தில் இருந்தது. வகுப்புக்கு முந்தைய இரவு 15 பேரும் ஒரே நேரத்தில் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். திறந்து வைத்துவிட்டு யாரோ தூங்கிவிட்டால் மற்ற 14 பேருக்கும் கதவு சாத்தியாயிற்று. மறுநாள் காலை என் மின்னஞ்சல் பெட்டி முழுக்க ஒரே புகார். நூலகர் அன்றே உரிமத்தை உயர்த்த முயன்றார். அந்தப் பதிப்பகம் வரம்பில்லாத உரிமத்தை விற்பதே இல்லை. பிறகு அச்சுப் பிரதி ஒன்றை வாங்கி இரண்டு மணி நேர ரிசர்வில் வைத்த பிறகுதான் வகுப்பு ஓடியது. மின்னூல் இருக்கிறது என்ற காரணத்துக்காக அச்சுப் பிரதி வாங்காமல் விடும் கொள்கை எங்கள் நூலகத்தில் அப்போது இருந்தது. இப்போது ஒருவர் உரிமம் என்றால் அச்சுப் பிரதியும் சேர்த்து வாங்குகிறார்கள். இந்த மாற்றத்துக்கு அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

அச்சுப் புத்தகத்தை வாங்கிவிட்டால் அது நூலகத்தின் சொத்து. யாருக்கும் எத்தனை முறையும் இரவல் தரலாம், பதிப்பகத்தைக் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மின்னூலில் நூலகம் வாங்குவது உரிமம். அதில் எழுதியிருப்பதுதான் சட்டம். 2025 பிப்ரவரியில், நூலகங்களுக்கு மின்னூல்களும் தரவுத்தளங்களும் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், தன் ப்ரோக்வெஸ்ட் தளத்தில் மின்னூல்களை ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் வழியை மூடப்போவதாகவும், இனிச் சந்தா மட்டும்தான் என்றும் அறிவித்தது. நூலகங்கள் கடுமையாக எதிர்த்ததும் கெடுவைத் தள்ளிவைத்தது. ரிசர்வை நம்பி சிலபஸ் எழுதும் ஆசிரியருக்கு இது நேரடியாகக் கவலை தரும் செய்தி. இந்த ஆண்டு இருக்கும் புத்தகம் அடுத்த ஆண்டு அந்தச் சந்தாத் தொகுப்பில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்ட்ரீமிங் படங்களில் இது ஏற்கெனவே நடக்கிறது. ஓராண்டு, மூன்றாண்டு உரிமம் முடிந்ததும் கண்ணி செத்துவிடும்.

"மேம், புத்தகம் முழுவதையும் ஸ்கேன் பண்ணிப் போட்டுடுங்களேன்" என்று மாணவர்கள் கேட்பார்கள். நூலகம் ஏன் மறுக்கிறது என்பதற்கு ஒரு நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் ஆசிரியர்கள் வாசிப்புகளைத் தொகுத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கட்டிய தொகுப்பாக மாணவர்களுக்கு விற்கச் செய்தார்கள். கிங்கோஸ் என்ற பெரிய நகலகச் சங்கிலிக்கு எதிராகப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டு 1991இல் நியூயார்க்கில் வென்றன. லாபத்துக்குச் செய்யும் நகல், உரிமையாளரைக் கேட்காமலே நியாயமாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரும் ஃபேர் யூஸ் ஆகாது என்று தீர்ப்பு. நூலகங்கள் லாபமில்லாமல், ஸ்கேன் பக்கங்களை வகுப்பு மாணவர்களுக்கு இணையத்தில் தரும் மின் ரிசர்வில் போட ஆரம்பித்தன. 2008இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, சேஜ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மின் ரிசர்வ் மீது வழக்குத் தொடுத்தன. 2012இல் நீதிபதி ஒரிண்டா எவன்ஸ் தந்த தீர்ப்பில் விசாரணைக்கு வந்த பகுதிகளில் ஐந்தில் மட்டுமே மீறல் என்றார். புத்தகத்தில் 10 சதவீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்ற அளவுகோலையும் வைத்தார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி நிலையான சதவீதம் வைக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. வழக்கு ஓய 2020 ஆயிற்று. அப்போதும் பெரும்பாலானவை ஃபேர் யூஸ் என்றே முடிந்தது. எங்கள் நூலகம் இன்றும் நடைமுறைக்காக ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் தொடங்கி, அதைத் தாண்டினால் உட்கார்ந்து பேசுகிறது.

இதே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸோடு சேர்ந்து 2012இல் டெல்லியிலும் ஒரு வழக்குப் போட்டன. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற சின்ன ஜெராக்ஸ் கடையின் மீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் பிரதியை 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்பதே அடிப்படை. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த விளக்கத்தை ஏற்று, சில கேள்விகளை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டன. கற்பித்தல் தொகுப்பு விஷயத்தில் இந்திய மாணவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அமெரிக்க மாணவருக்கு இல்லை. ஊரில் ஜெராக்ஸ் எடுத்துப் படித்துப் பழகிய பிள்ளைகள் இங்கே வந்து ஸ்கேன் தொகுப்பை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும்போது நான் எச்சரிப்பது இதனால்தான்.

பாடப்புத்தகங்களுக்குத் திரும்பினால், அறிமுகப் பாடங்களின் பெரிய பாடப்புத்தகங்களை அவற்றின் பதிப்பகங்கள் நூலகங்களுக்கு மின்னூலாக விற்பதே அரிது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விற்கத்தான் அவை விரும்புகின்றன. ஆகவே அங்கே அச்சு ரிசர்வ்தான் கதி. அதிலும் வீட்டுப்பாடம் செய்யும் தளத்துக்கான அணுகல் குறியீடு சேர்ந்து வரும் புத்தகம் என்றால் ரிசர்வால் ஒன்றும் செய்ய முடியாது. குறியீடு ஒருவருக்கு ஒருமுறைதான். என் அறிமுக வகுப்பை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசச் சமூகவியல் பாடப்புத்தகத்துக்கு மாற்றிவிட்டேன். திரையில் படிக்க முடியாதவர்களுக்காக அதன் அச்சுப் பிரதிகளை ரிசர்வில் வைத்திருக்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்தால் அறிமுக வகுப்பில் ஒரு மாணவரும் புத்தகத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஸ்கேன்களின் தரத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது ரிசர்வ் பிடிஎஃப் என்றால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஓரத்தில் கறுப்பு நிழல், நடுவில் விழுங்கப்பட்ட எழுத்துகள், சில பக்கங்களில் யாருடைய கட்டைவிரலோ. இப்போது நேராக, ஓரம் வெட்டி, தேடவும் திரைவாசிப்பான் படிக்கவும் ஏற்றபடி வருகிறது. அரசு நிறுவனங்களின் இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை 2024இல் கொண்டுவந்த விதியும் இதற்கு ஒரு காரணம். பார்வையற்ற ஒரு மாணவர் என் வகுப்பில் சேர்ந்தபோது, பழைய பட்டியலிலிருந்த ஸ்கேன்கள் அத்தனையையும் ரிசர்வ் ஊழியர்கள் முதல் வாரத்துக்குள் புதிதாக எடுத்துத் தந்தார்கள். தமிழ் எழுத்துள்ள பக்கங்களில் மட்டும் ஓசிஆர் தடுமாறியது. அவற்றை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன்.

2020 மார்ச்சில் நூலகங்கள் மூடியபோது இந்தச் சேவை எவ்வளவு பேரைத் தாங்கியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த புத்தகங்கள் யாருக்கும் எட்டாமல் போயின. பல நூலகங்களின் ஸ்கேன் செய்த புத்தகங்களைச் சேர்த்துவைக்கும் ஹாத்திட்ரஸ்ட் என்ற கூட்டமைப்பு அப்போது அவசர ஏற்பாடாக, உறுப்பு நூலகம் அச்சில் வைத்திருக்கும் புத்தகங்களை எத்தனை பிரதி இருக்கிறதோ அத்தனை பேருக்கு மட்டும் திரையில் திறந்துவிட்டது. ஒரு மணி நேரக் கடன், அதன்பின் அடுத்தவர். ரிசர்வ் மேசையின் நியாயத்தை அப்படியே இணையத்துக்குக் கொண்டுபோன அந்த ஏற்பாடு கதவுகள் திறந்ததும் முடிந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம்.

குறைகளில் இன்னொன்று நேரம். கட்டடம் இரவு முழுக்கத் திறந்திருக்கிறது, ரிசர்வ் மேசையோ 10 மணிக்கு மூடிவிடுகிறது. எட்டு மணிக்கு மேல் எடுத்தால் இரவுக்கடன் என்பதால் ஒரே ஒருவருக்கு அந்த இரவு முழுக்கப் புத்தகம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தேர்வு வாரங்களிலாவது மேசையை நள்ளிரவு வரை திறந்து, இரவுக்கடனை 10 மணிக்குத் தள்ளி வைக்க வேண்டும். கோடைக்கால வகுப்புகளில் மேசை மாலையிலேயே மூடுகிறது. கோடையில் படிப்பவர்கள் பெரும்பாலும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள்.

ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒன்று. எத்தனை முறை ஒரு புத்தகம் எடுக்கப்பட்டது என்ற கணக்கு தானாக வராது. கேட்டால் தருவார்கள், கேளுங்கள். எதை இரண்டு மணி நேரத்தில் வைப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதை அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன். பட்டியல் அடுத்த செமஸ்டருக்குத் தானாகத் தொடராது, புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். சொந்தப் பிரதியைக் கொடுத்தால் உரிக்கக்கூடிய பார்கோடு ஒட்டுவார்கள். தொலைந்தால் நூலகம் பொறுப்பேற்காது என்று படிவத்திலேயே இருக்கிறது, அதனால் உங்கள் பென்சில் குறிப்புகள் நிறைந்த பிரதியைக் கொடுக்காதீர்கள். மறுபிரதி கிடைக்கும் புத்தகத்தை மட்டும் கொடுங்கள். செமஸ்டர் முடிந்த வாரத்தில் நேரில் போய், பட்டியலோடு சரிபார்த்து வாங்கி வந்துவிடுங்கள்.